ஆறரை மணிக்கு வரும் பதில்

தாஷ்கெண்ட்
16 ஜூலை 2024

கெலின் அனார்ஜானுக்கு,

அம்மா எப்படி இருக்கிறார்? வெயிலில் வெளியே விடாதே. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுகிறாய், அதனால் காகிதத்துக்கு வந்திருக்கிறேன். நம் ஓட்டுநர் சாபிர் காலி லாரியோடு உர்கெஞ்ச் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அந்தப் பின்னறைக் கம்ப்யூட்டர் மெஷின் செத்துப்போய் இரண்டு நாள் நம் தொழில் அம்போ என்று நின்றது. எந்த லாரியில் யாருடைய தக்காளி, எந்தச் சரக்குக்கு எந்த எல்லைச் சாவடி, ஒன்றும் தெரியவில்லை. முற்றத்தில் லாரிகள் நிற்க, தக்காளி அழுகி ஒழுகியதை நீயே பார்த்தாய். சமாராவில் சரக்கு வாங்குகிறவன் திட்டிய திட்டில், இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாத ரஷ்ய வார்த்தைகளெல்லாம் தெரிந்துகொண்டேன். பழைய நகல் ஒன்று இருந்ததால் பிழைத்தோம். அடுத்த முறை பிழைப்போமா?

இங்கே ஒரு நிறுவனம் இருக்கிறது. நம் டேட்டாபேஸை அவர்கள் கட்டடத்தில், அவர்கள் மெஷினில் வைத்துக்கொள்வார்கள். கிளவுட் என்கிறார்கள். குளிர்விப்பது, காவல் காப்பது, தினமும் நகல் எடுப்பது எல்லாம் அவர்கள் பாடு. ஒரு மெஷின் படுத்தால் இன்னொன்று எழுந்துகொள்ளும். நாம் மாத வாடகையைக் கொடுத்துவிட்டு இங்கிருந்தும் அங்கிருந்தும் பார்க்கலாம், எழுதலாம். தம்பி தன் கையால் கட்டியது எல்லாம் அப்படியே போய்விடும். குளிர்காலத்துக்குள் மாற்றிவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

நீ ஏன் மாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் காலையில் தம்பி ஷோனஸர் பேருக்கு நேராக அந்த மெஷினில் ஒரு பதில் வருகிறது. அதற்காகத்தான் அதன் முன்னால் போய் உட்காருகிறாய், அம்மாவையும் உட்கார வைக்கிறாய். அவன் உஸ்த்யுர்ட் பாலைவெளிப் பனியில் காணாமல்போய் இது இரண்டாவது கோடை. அவன் நம்பருக்கு அடித்தால் போன் அணைந்திருக்கிறது என்றுதான் வருகிறது. அணைந்த போன் எப்படிப் பதில் அனுப்பும்? மெஷின் கோளாறு அது. இதை எழுத எனக்கு ஆசை என்று நினைக்காதே.

மத்நியாஸ்

---

உர்கெஞ்ச்
21 ஜூலை

மத்நியாஸ் அகாவுக்கு,

நான் இன்னும் அகா, அண்ணன் என்றுதான் எழுதுகிறேன். முன்பெல்லாம் நீங்களும் தங்கச்சி என்று கூப்பிடுவீர்கள். இப்போது கெலின் ஆகிவிட்டேன், வீட்டுக்கு வந்த மருமகள். ஆகட்டும். மருமகளாகவே பதில் சொல்கிறேன்.

கிளவுட் சமாசாரத்தை அம்மாவிடம் சொன்னேன். "மேகத்துலயா கொண்டுபோய் வைக்கப் போறான்? நம்ம ஊர்ல மேகத்தைப் பார்க்கிறதே அதிசயம்" என்று சிரித்தார். வெகுநாள் கழித்துச் சிரித்தார். அதற்கு மட்டும் உங்களுக்கு நன்றி.

இனி என் பங்கு. இங்கே எவனாவது வாய்க்கால் வெட்ட மண்வெட்டியை ஓங்கினாலே இன்டர்நெட் போய்விடுகிறது. அப்போது நம் டேட்டாபேஸ் தாஷ்கெண்டில் குளுகுளு அறையில் சௌக்கியமாக இருக்கும். நான் இங்கே லாரிக்காரர்கள் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். நம் மெஷினுக்கு அந்தத் தொல்லை இல்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுகிறேன், சூடேறினால் ஜன்னலில் ஈரத் துணி கட்டுகிறேன். வாடகையும் இன்றைக்கு இவ்வளவு என்பார்கள். எல்லாவற்றையும் அங்கே கொட்டிய பிறகு ஏற்றினால் எங்கே போவீர்கள்? நம் வீட்டு மாவை அடுத்த வீட்டுப் பானையில் போட்டுவிட்டு தினமும் போய்க் கதவைத் தட்டுகிற பிழைப்பு அது.

இதெல்லாம் வாதத்துக்கு. உண்மையான காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

காலை ஆறு மணிக்கு மெஷின், பயணத்தில் இருக்கிற ஒவ்வொரு ஓட்டுநருக்கும் 'எங்கே?' என்று செய்தி அனுப்புகிறது. ஒன்றை அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கிறேன், இரண்டு என்றால் எல்லையில் நிற்கிறேன், மூன்று என்றால் போய்ச் சேர்ந்துவிட்டேன். அவர் கட்டி வைத்தது. அவருடைய பயணத்தை யாரும் இன்னும் முடித்து எழுதவில்லை, அதனால் அவருக்கும் தினமும் செய்தி போகிறது. ஆறரைக்கு ஒன்று என்று பதில் வருகிறது. மற்றவர்கள் ஆறேகாலுக்கும் அனுப்புவார்கள், எட்டு மணிக்கும் அனுப்புவார்கள். அவர் மட்டும் ஒரு நாளும் பிசகாமல் ஆறரை.

மெஷின் செத்த இரண்டு காலையும் பதில் வரவில்லை. புறப்படும்போது வழக்கப்படி ஒரு கடி கடித்துவிட்டு, மீதியைத் திரும்பி வந்து தின்பதற்காக விட்டுப்போனாரே, அந்த ரொட்டி சுவரில் தொங்குகிறது. அம்மா தினமும் அதற்குத் தூசி தட்டுவார். அந்த இரண்டு நாளும் அதன் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மெஷினை எழுப்பினார்கள். ஆறரைக்கு ஒன்று வந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன் அகா. கோளாறு என்றால் கோளாறாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதை இழக்க நான் தயாராக இல்லை. பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது.

பனியைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தக் குளிரில் கோடைக்கால டீசலை ஊற்றி அனுப்பியது யார்? பாலைவெளி நடுவில் டீசல் உறைந்து லாரி நின்றது யாரால்?

அனார்ஜான்

---

தாஷ்கெண்ட்
2 ஆகஸ்ட்

அனார்ஜானுக்கு,

டீசலை நான்தான் ஊற்றினேன். வீடுகளிலேயே கேஸ் இல்லாமல் ஜனங்கள் நாற்காலியை உடைத்து எரித்த ஜனவரி அது. கிடைத்ததை ஊற்றினேன். துக்க வீட்டில் நீ சொன்னாய், இப்போதும் சொல்கிறாய். சொல்.

ஆனால் டீசல் உறைந்தால் லாரிதான் நிற்கும். யாராவது போயிருந்தால் ஆள் பிழைத்திருப்பான். அப்பா முற்றத்துச் சுவரில் பெயின்டால் எழுதி வைத்தது உனக்குத் தெரியும். நண்பகலுக்குள் பதில் வராவிட்டால் யாராவது ஒருவர் புறப்பட வேண்டும், யாருக்கு என்ன வேலை இருந்தாலும். தேடிப் போனவன் சொன்னால்தான் அந்தப் பயணத்தை முடித்து எழுதலாம். அப்பா காலத்திலிருந்து அந்த விதியை நாம் ஒருமுறைகூட மீறியதில்லை. அன்றைக்கு நான் ஏன் புறப்படவில்லை? முதல் காலை போன் செய்து கேட்டேன். "ஓடிக்கிட்டிருக்கார் அகா" என்றாய். இரண்டாம் காலையும் கேட்டேன். "ஓடிக்கிட்டிருக்கார்" என்றாய். மூன்றாம் நாள் ரயில்வேக்காரர்கள் லாரியைப் பார்த்தார்கள். கதவு திறந்து கிடந்தது, இருக்கையில் பனி. இரண்டு நாளாக நகராத லாரி எப்படி ஓடியது? நீ திரையை ஒழுங்காகப் பார்த்தாயா? எல்லார் முன்னாலும் அதைக் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. ஆறரை, ஆறரை என்கிறாய். அவன் எனக்குத் தம்பி. பள்ளிக்கூட நாளில் முகத்தில் தண்ணீர் ஊற்றித்தான் எழுப்புவேன். உயிரோடு இருந்த காலத்தில் அவன் ஆறரைக்குக் கண்ணைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

சண்டை போதும். அந்த நிறுவனத்திலிருந்து ரிம்மா பாக் என்ற பெண்ணை அனுப்புகிறேன். மெஷினைத் திறந்து பார்க்கட்டும். சொந்தமாகப் புது மெஷின் வாங்குவது நல்லதா, அவர்களிடம் கொடுப்பது நல்லதா, இரண்டையும் சொல்லட்டும். தன் நிறுவனத்துக்காகப் பேசுகிற பெண் இல்லை, விசாரித்துவிட்டேன். பாஸ்வேர்டைக் கொடு. அதற்குப் பிறகு முடிவு உன்னுடையது. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

மத்நியாஸ்

---

உர்கெஞ்ச்
29 ஆகஸ்ட்

அகா,

இதை உட்கார்ந்து படியுங்கள். சாபிர் கையில் கொடுக்கவில்லை. பஸ்ஸில் வரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். காரணம் பின்னால் வருகிறது.

ரிம்மா நல்ல பெண். வரும்போதே ஒரு டப்பா நிறையக் காரக் கேரட் கொண்டுவந்தாள், அவர்கள் கொரியக்காரர் வீட்டுப் பக்குவம். அம்மா சதகுப்பை அரைத்துப் பச்சை நூடுல்ஸ் செய்து போட்டார். முதல் நாள் நான் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. அவள் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை. பின்னறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கட்டினவர் பெரிய கெட்டிக்காரர் அக்கா. அதைவிடப் பெரிய சோம்பேறி" என்றாள். சுருக்கென்றது. உடனே சிரிப்பும் வந்தது, அது உண்மைதானே.

அப்புறம் பேச ஆரம்பித்தோம். "எதும்மா நல்லது, சொந்த மெஷினா, உங்க கிளவுட்டா?" என்று கேட்டேன்.

"சொந்த மெஷின்னா முழுக்க உங்க ராஜ்யம். என்ன வேணா எழுதலாம், என்ன வேணா ஓட்டலாம். செத்துப் போனாலும் நீங்கதான் தூக்கணும். எங்ககிட்ட வந்தா நகல் எடுக்கிறது, பூட்டுப் போடுறது, பழுது பார்க்கிறது எல்லாம் நாங்க. இன்டர்நெட் போனா கஷ்டம்தான், அதுக்குப் போன் வழியா இன்னொரு இணைப்பு வெச்சுக்கலாம். ஆனா ஒண்ணு, டேட்டாபேஸ் மட்டும்தான் உங்களுது. அதுக்கு அடியில இருக்கிற மெஷினை நாங்க யாரையும் தொட விடமாட்டோம்."

"தொட்டு எனக்கென்ன ஆகணும்?"

"உங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். ஆனா உங்க மெஷின்ல, டேட்டாபேஸுக்கு வெளிய, ஒரு சின்ன வேலை தனியா ஓடிக்கிட்டிருக்கு. அது எங்ககிட்ட வராது. அது என்னன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன். திரையைத் திருப்பிக் காட்டினாள். எனக்கு அந்த எழுத்தெல்லாம் புரியாது. அவளே படித்துச் சொன்னாள். "தினமும் காலையில ஓடுது. சில பேரோட பேர் மட்டும் இதுல இருக்கு. அவங்க பயணத்துல இருந்து, பதில் அனுப்பாம இருந்தா, அவங்களுக்காக மெஷினே ஒண்ணுன்னு எழுதிடுது."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"ஆறரைக்கு" என்றாள்.

அதன் மேலே அவர் தனக்குத் தானே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார் அகா. மெஷின் அதைப் படிக்காதாம், மனிதர்களுக்காக எழுதுவதாம். 'அண்ணனும் பொண்டாட்டியும் தூங்க விடமாட்டேங்கறாங்க. நான் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்னு எழுதிக்கோ.'

அவர் குரல் அப்படியே கேட்டது. ரிம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனாள். மெஷின் விசிறி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைத்தான் அம்மா ஒரு நாள், "மூச்சு விடுறான் பாரு" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

நான் திரையை ஒழுங்காகத்தான் பார்த்தேன் அகா. ஒன்று என்றுதான் இருந்தது. இரண்டு காலையும் இருந்தது. அவர் பனியில் லாரியை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தாரோ, அதற்குள் விழுந்தே கிடந்தாரோ, அப்போது அவருடைய விளையாட்டு நம் இரண்டு பேரையும் தூங்க வைத்துவிட்டது. நீங்கள் புறப்படாததற்கு நான் காரணம் இல்லை. நீங்களும் இல்லை. இத்தனை நாள் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தேன், அது கொஞ்சம் சுலபமாக இருந்தது. இப்போது அவரைத் திட்ட வேண்டும். எப்படித் திட்டுவேன்?

இன்னும் இருக்கிறது. அந்த வேலையில் அவர் பேர் மட்டும் இல்லை. சாபிர் பேரும் இருக்கிறது. சிநேகிதனுக்குச் செய்த உதவி. அதாவது இப்போதும் சாபிர் உஸ்த்யுர்ட் வழியில் போகும்போது ஆறரைக்கு வருகிற ஒன்று யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அவனைக் கூப்பிட்டேன்.

"உனக்குத் தெரியுமாடா?"

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "தெரியும் அண்ணி. நான்தான் எனக்கும் போட்டுக் குடுன்னு கெஞ்சி வாங்கினேன்."

"தெரிஞ்சுமா இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டிருந்த?"

"ஆறரைக்கு முன்னாடி நீங்க தலை சீவிக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போறதைப் பார்த்திருக்கேன் அண்ணி. உங்ககிட்ட வந்து எப்படிச் சொல்றது?"

அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்று காலையும் ஆறரைக்கு ஒன்று வந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் போய் உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அனார்ஜான்

---

தாஷ்கெண்ட்
5 செப்டம்பர்

தங்கச்சி,

உன் கடிதத்தை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். பிறகு திறந்து படித்தேன். திரும்பவும் பூட்டினேன். இப்படியே இந்த வாரம் போகிறது.

கிளவுட் வேண்டாம். விட்டுவிடு. நல்ல புது மெஷினாக வாங்கித் தருகிறேன், அறைக்கு ஏசி போடுகிறேன், உர்கெஞ்சிலேயே ஒரு ஆளைப் பழுது பார்க்க வைக்கிறேன். தம்பி எழுதியது அத்தனையும் அதில் அப்படியே இருக்கட்டும். அந்தச் சின்ன வேலையும் இருக்கட்டும். சாபிர் பேரை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

நீ ஆச்சரியப்படுவாய். சொல்லிவிடுகிறேன். அந்த ஜனவரிக்குப் பிறகு தினமும் ஏழு மணிக்கு அந்த மெஷின் எனக்கும் ஒரு தொகுப்பு அனுப்புகிறது, யார் யார் எங்கே என்று. தேநீர் ஊற்றிக்கொண்டு அதைத் திறப்பேன். முதலில் அவன் பேரைத்தான் தேடுவேன். 'ஷோனஸர், ஓடிக்கொண்டிருக்கிறார்.' பார்த்த பிறகுதான் வாயில் தேநீரே இறங்கும். கோளாறு என்று உனக்கு எழுதினேனே, அதை எழுதிய அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான். இந்த ஊரிலிருந்து அதை நிறுத்தச் சொல்லிக் கத்தியது, பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை என்பதால்.

சிலசமயம் அவன் நம்பருக்கு அடிப்பேன். அணைந்திருக்கிறது என்று ஒரு பெண் குரல் ரஷ்ய மொழியில் சொல்லும். அவன் நம்பரிலிருந்து ஒரு குரலாவது பதில் சொல்கிறதே என்று தோன்றும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறாயா?

ஒருவன் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வது பொய்யாகவே இருக்கட்டும். அந்தப் பொய் அவன் எழுதியது. அவன் கையெழுத்து மாதிரி அது. அதை ஏன் அழிக்க வேண்டும்?

அண்ணன்

---

உர்கெஞ்ச்
19 செப்டம்பர்

அகா,

தங்கச்சி என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வார்த்தையை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன், உங்களுக்குத் திமிர் வந்துவிடும்.

பைத்தியம் உங்களுக்கு மட்டும் இல்லை. உங்கள் யோசனையைப் படித்ததும் எனக்கு உடம்பே குளிர்ந்தது. புது மெஷின், ஏசி, அவர் ஆயுசுக்கும் ஆறரைக்கு ஒன்று. ஆயுசு என்று எழுதிவிட்டேன் பாருங்கள். இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன். மெஷினை எங்கே வைக்கலாம், எந்தச் சுவர் நிழலில் இருக்கும் என்றுகூட அளந்தேன்.

அப்புறம் சாபிர் சமாரா கிளம்பினான். அவன் பேரை ரிம்மா ஏற்கெனவே எடுத்துவிட்டுத்தான் போனாள். முதல் காலை ஆறரை ஆனது, பதில் இல்லை. ஏழு ஆனது, இல்லை. அவன் மனைவி குல்ஷன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றுவிட்டாள். பதில் வரவில்லை என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எட்டு மணிக்குப் பதில் வந்தது. உடனே போன் செய்து, "ஏண்டா, உயிரை எடுக்கிறியா?" என்று கத்தினேன். "தூங்கிட்டேன் அண்ணி!" என்று அவனும் கத்தினான். குல்ஷன் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள். நானும்தான். அந்த எட்டு மணிப் பதில் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா அகா? கோபமாக, தூக்கம் கலையாமல், ஒரு மனுஷன் விரலால் அழுத்தியது.

எனக்கு ஒரு முறையாவது அப்படி வந்திருக்க வேண்டும். அல்லது வராமலாவது இருந்திருக்க வேண்டும்.

நம் மெஷினில் நாம் நினைத்ததையெல்லாம் ஓட்டலாம். அதுதான் அதன் பெருமை என்று உங்களுடன் சண்டை போட்டேன். அவரும் நினைத்ததை ஓட்டினார். நாளைக்கு நான் ஒன்றை ஓட்டுவேன், நீங்கள் ஒன்றைக் கேட்பீர்கள், சாபிர் வந்து கெஞ்சுவான். நம்மை நம்பி அந்த அறையைக் கொடுக்கக் கூடாது. நமக்குப் பாசம் அதிகம். ரிம்மாவின் ஆட்களுக்கு நாம் யாரென்றே தெரியாது. அவர்களிடமே இருக்கட்டும்.

ரிம்மாவுக்குப் போன் செய்தேன். நவம்பர் தொடக்கத்தில் மாற்றுவதாகச் சொன்னாள், முதல் பனிக்கு முன்னால். "அந்த முடியாத பயணம் ஒண்ணு இருக்கே அக்கா, அதை என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள். "இருக்கிறபடியே வரட்டும்" என்றேன். தேடிப் போன ஆள் சொல்லாமல் முடிக்கக் கூடாது என்பது உங்கள் அப்பாவின் விதி. யாரும் போகவில்லையே.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். குறிப்பில் எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன். "அவனுக்குத் தூக்கம்னா உசிரு" என்றார். பிறகு ரொட்டிக்குத் தூசி தட்டப் போனார்.

அனார்ஜான்

---

குங்கிராத் தாண்டி, சாவடிக்குப் பக்கத்துத் தேநீர்க்கடை
11 நவம்பர்

தங்கச்சி,

வரும் வழியில் நம் வீட்டு வாசலில் நின்றபோது உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா ரொட்டியைச் சுவரிலிருந்து தானே இறக்கி, துணியில் சுற்றி, என் மடியில் வைத்ததும் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

எட்டாம் தேதி காலை தாஷ்கெண்டில் தேநீர் ஊற்றினேன். புது மெஷினிலிருந்து முதல் தொகுப்பு வந்தது. எல்லாருக்கும் நேராக ஒன்று, இரண்டு. கடைசியில் சிவப்பில், 'ஷோனஸர், பதில் இல்லை.' தெரிந்துதான் இருந்தேன். நீயும் நானும் சேர்ந்து செய்ததுதான். இருந்தாலும் தேநீர்க் கோப்பை மேசையில் இருக்க, நான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். நண்பகல்வரை காத்திருக்கத் தோன்றவில்லை. பதில் இல்லை என்றால் யாராவது புறப்பட வேண்டும், அவ்வளவுதான். அலுவலகத்தில் கேட்டார்கள், "எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்று. "தம்பிகிட்டேருந்து பதில் வரல" என்றேன்.

சாபிர்தான் ஓட்டினான். லாரி நின்ற இடம் அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதிகாரிகள் என்னைச் சாவடியிலேயே நிறுத்திவிட்டார்கள். லாரியை இழுத்து வந்தார்கள், கையெழுத்துப் போட்டேன், திரும்பினேன். அந்த மண்ணில் என் கால் படவே இல்லை. கணினித் திரையிலேயே தம்பியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கே ஒன்றும் இல்லை. காற்று. காய்ந்த புதர். தூரத்தில் தண்டவாளம் தெரிகிறது. தெளிவான நாளில் தெரிகிறது, தங்கச்சி. அதை நோக்கி நடந்தேன். அவனும் அதை நோக்கித்தான் நடந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். காலையில் எழுப்புகிற மாதிரி, "எழுந்திரிடா கழுதை, நேரமாச்சு" என்று கத்தினேன். தண்டவாளம்வரை போய்த் திரும்பினேன். வருகிற வழியில் வேறு பக்கமாக வந்தேன். அதற்கு மேல் ஒருவன் எப்படித் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சாபிர் அடுப்பு மூட்டித் தேநீர் போட்டான். ரொட்டி கல்லாகிவிட்டது. தேநீரில் ஊற வைத்து ஆளுக்குக் கொஞ்சம் தின்றோம். உனக்கும் அம்மாவுக்கும் பங்கு எடுத்து வைத்திருக்கிறேன், சாபிர் தருவான். தம்பி கடித்த பக்கத்தை மட்டும் அங்கேயே, புதர் அடியில், காற்றுப் படாமல் வைத்துவிட்டு வந்தேன். பல் பட்ட இடம் இன்னும் தெரிந்தது.

தேடிப் போனவன் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் விதி. சொல்கிறேன். பயணத்தை முடித்துவிடு.

அண்ணன்

---

உர்கெஞ்ச்
14 நவம்பர்

அகா,

சாபிர் துணியை நேற்று கொண்டுவந்து கொடுத்தான். அம்மா தன் பங்கைத் தேநீரில் தோய்த்துத் தின்றார். நான் தோய்க்காமல் தின்றேன். பல் வலிக்கிறது.

பிறகு பயணத்தைத் திறந்தேன். புது மெஷின் வேகமாகத் திறக்கிறது. முடிக்க வேண்டுமானால் சேர்ந்த இடத்தை எழுதச் சொல்கிறது. சமாரா என்று எழுதவா, வீடு என்று எழுதவா என்று தெரியாமல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து தோளுக்குப் பின்னால் நின்றார்.

"போய்ச் சேர்ந்துட்டானாம்மா?"

"சேர்ந்துட்டார் அம்மா."

"எங்கன்னு போடு. தண்டவாளத்துக்குப் பக்கத்துலன்னு போடு" என்றார். அப்படியே போட்டேன். மூன்றை நான்தான் அழுத்தினேன்.

பின்னறையில் பழைய மெஷினை அணைத்துவிட்டோம். சத்தம் இல்லாமல் அந்த அறைக்குள் போக இன்னும் பழகவில்லை. அம்மா அங்கே முலாம்பழம் அடுக்கப் போவதாகச் சொல்கிறார், குளிர்காலத்துக்குக் கெடாமல் இருக்குமாம்.

இன்று காலை ஆறு மணிக்கு எல்லாருக்கும் செய்தி போனது. நேற்றிரவே மறுபடி கிளம்பிய சாபிர் ஏழு மணி தாண்டித்தான் அனுப்பினான். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆறரைக்கு நான் போய்த் திரையைப் பார்த்தேன். தலை சீவவில்லை. நீங்களும் அங்கே பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். நாளைக்கு அந்த நேரத்துக்குப் போன் செய்யுங்கள், எடுக்கிறேன்.

தங்கச்சி